அப்பாவின் வலது தோள்

அப்பாவால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. சட்டை போடும்போது முதலில் அந்தக் கையை நுழைத்துவிட்டுத்தான் மறுகை. கொடியில் துண்டு போட அம்மாவைக் கூப்பிடுவார். ராணுவத்தில் இருந்தபோது லாரியிலிருந்து சரக்கு இறக்குகையில் விழுந்து மூட்டு நொறுங்கியது.

2011-இல் ஓய்வு பெற்றபோது மருத்துவக் குழு இயலாமை 15 சதவீதம் என்று எழுதிவிட்டது. பணிக்காலம் முடிந்து வருபவருக்கு 20-க்குக் கீழே என்றால் இயலாமை ஓய்வூதியம் கிடையாது. அந்த ஐந்து சதவீதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமைதான்.

அப்பா பேசாமல் இருந்துவிட்டார். நான்தான் பச்சை டிரங்குப் பெட்டியைக் குடைந்தேன். அடியில், யூனிட் அன்றே எழுதிய காய அறிக்கை. 'பணியின்போது' என்று அதில் தெளிவாக இருந்தது. அந்த ஒரு வார்த்தைதான் எல்லாம். காயம் பணியால் வந்ததா, எத்தனை சதவீதம் என்ற இரண்டு கேள்விகளில்தான் வழக்கே நிற்கிறது.

அப்புறம் மேல்முறையீடு, சென்னையில் ராணுவத்தினரின் வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம், மறுபரிசோதனை. இந்த முறை கை எத்தனை டிகிரி உயர்கிறது என்று அளந்தார்கள். 30 சதவீதம். பணிக்காலம் முடிந்து வந்தவர்களுக்கும் சதவீதத்தை மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும் என்று 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால் அது 50 ஆகக் கணக்கிடப்பட்டது. முழு ஊனத்துக்கு இந்த ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். ஐம்பதுக்கு அதில் பாதி.

யார் வீட்டிலாவது அப்படி ஒரு பெட்டி இருந்தால், தயவுசெய்து எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போடாதீர்கள். முதல் தொகை வந்த அன்று அப்பா பாஸ்புக்கை இடது கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.