சுண்டுவிரலும் சங்கராபரணமும்

கிட்டாரில் இடது கை விரல்களுக்கு எண் உண்டு. ஆள்காட்டி விரல் 1, நடுவிரல் 2, மோதிர விரல் 3, சுண்டுவிரல் 4. கட்டைவிரல் கணக்கிலேயே சேராது. கிட்டாரின் கழுத்துக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து நிற்பதோடு அதன் வேலை முடிந்தது.

நான் எடுத்துக்கொண்ட பயிற்சிப் படம், எஃப் மேஜர் ஸ்கேலை (நம் ஊர்க் கணக்கில், எஃப்பை ஸட்ஜமாக வைத்த சங்கராபரணம்) தந்திக்கு மூன்று சுரம் வீதம் வாசிக்கச் சொன்னது. ஆறாவது தந்தியில் 1, 3, 5ஆம் ஃபிரெட்டுகள் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள், வீணையில் மெட்டுகள் மாதிரி). விரல்கள் 1, 2, 4. மூன்று கறுப்புப் புள்ளிகள் படத்தில் சாதுவாக உட்கார்ந்திருந்தன. போட்டவருக்கு என்ன, புள்ளி வைத்தால் விரலா வலிக்கப்போகிறது?

மகளின் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து அடிக்கோலை எடுத்து அளந்தேன். 648 மில்லிமீட்டர் தந்தி நீளமுள்ள என் எலெக்ட்ரிக் கிட்டாரில், முதல் ஃபிரெட்டுக்கும் ஐந்தாவதுக்கும் இடையே 12.6 சென்டிமீட்டர். நடுவிரலுக்குப் பதிலாக மோதிர விரலை வைத்து 1, 3, 4 என்று மாற்றினால் இன்னும் மோசம். மோதிர விரலும் சுண்டுவிரலும் ஒட்டிப் பிறந்த இரட்டையர். தசைநாண்கள் பின்னிக் கிடப்பதால் ஒன்று நகர்ந்தால் மற்றதும் கூடவே கிளம்பிவிடும். நம்பாதவர்கள் உள்ளங்கையை மேசைமேல் கவிழ்த்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொண்டு, மோதிர விரலைத் தூக்கிப் பாருங்கள். யாரும் பார்க்காத நேரமாகச் செய்வது நல்லது.

சிறுவயதில் வீணை கற்ற அத்தை ஊரிலிருந்து வந்திருந்தார். சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், "சங்கராபரணம்தானே? அது ஏன்டா இப்படி அழுகிறது?" என்றார்.

"விரல் எட்டவில்லை அத்தை."

"எட்டாத இடத்தில் உனக்கு என்ன வேலை? மேலே தள்ளி வாசி. சுருதிதான் மாறும்."

எட்டாவது ஃபிரெட்டில் அதே வடிவத்தைத் தொடங்கினேன். இப்போது அது சி மேஜர். 8, 10, 12. ஃபிரெட்டுகள் கிட்டாரின் உடலை நோக்கிப் போகப் போக நெருங்கி வருவதால், இங்கே முதலுக்கும் கடைசிக்கும் 8.4 சென்டிமீட்டர்தான். மணிக்கட்டு நேரானது, காதருகே ஏறியிருந்த தோள் இறங்கியது, சுண்டுவிரல் முணுமுணுக்காமல் போய்ச் சேர்ந்தது. இங்கே கை பழகியபின் ஒவ்வொரு ஃபிரெட்டாகக் கீழே இறங்கிவரலாம். எஃப் மேஜர்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கும் வழி இருக்கிறது: விரல் வைக்காமல் மீட்டும் திறந்த தந்திகளைச் சேர்த்துக்கொண்டால் முதல் மூன்று ஃபிரெட்டுகளுக்குள்ளேயே இரண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) அடங்கிவிடும். ஃபிரெட்டுக்கு ஒரு விரல், சுண்டுவிரலுக்கு முழு விடுமுறை. இதை அந்தப் படத்தின் ஓரத்தில் ஒரு வரி போட்டிருந்தால் குடியா முழுகிவிடும்?

அத்தை அத்துடன் விடவில்லை. "நாலு விரலை வைத்துக்கொண்டா இந்தப் பாடு? வீணையில் 24 மெட்டு. ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான் அத்தனையிலும் ஓடுகின்றன."

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "கிட்டாரிலும் அப்படி ஒருவர் இருந்தார் அத்தை. ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928இல் தீ விபத்தில் மோதிர விரலும் சுண்டுவிரலும் முடங்கிப்போயின. மற்ற இரண்டு விரலை வைத்தே உலகம் வியக்க வாசித்தார்."

"பாவம். யாராவது அவருக்கு ஒரு வீணை வாங்கிக் கொடுத்திருக்கலாம்" என்றார் அத்தை. பிறகு கையை நீட்டினார். "அதை இப்படிக் கொடு."

கிட்டாரை மடியில் படுக்கப்போட்டுக்கொண்டார். இரண்டே விரல், ஏறினார், இறங்கினார், எங்கும் திணறவில்லை. ஆம்ப்ளிஃபயர் இல்லாமலேயே அறை நிறைந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. மேல் ஸ்தாயிக்குப் போனதும் வீணை நினைப்பில், சுரத்தை அசைக்கும் கமகத்துக்காகத் தந்தியைப் பக்கவாட்டில் ஒரு இழு இழுத்தார். கால் மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத என் முதல் தந்தி 'டிங்' என்று அறுந்து சுருண்டது.

அத்தை நிதானமாகக் கிட்டாரைத் திருப்பிக் கொடுத்தார்.

"இனிமேலாவது தந்தி என்று ஏதாவது வாங்கிப் போடு. காபி ஆகிவிட்டதா, பார்."