பின்சந்துத் தெருவிளக்கைக் கீழே பார்க்க வைத்த கதை

மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சின்ன டவுன் எங்களுடையது. தோட்டத்து லயத்தை விட்டு வந்த குடும்பங்கள்தான் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், அதிகம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் சிமெண்டுத் தரை, அதைத் தாண்டி ஒரு வாய்க்கால், அதற்கும் அப்பால் சந்து. அந்தச் சிமெண்டுத் தரைதான் என் 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கிக்கு (எளிய பீடத்தில் கையால் திருப்பும் கண்ணாடித் தொலைநோக்கி) இடம். சந்தில் எரிந்த பழைய மஞ்சள் சோடியம் விளக்கை எடுத்துவிட்டு வெள்ளை எல்.இ.டி. போட்டார்கள். அப்புறம் வானம் பார்ப்பதே பெரும்பாடாகிவிட்டது. அதிலிருந்து எப்படி மீண்டேன் என்பதை இங்கே எழுதுகிறேன். இதே தொல்லையில் இருப்பவர்களுக்கு உதவும்.

தொல்லை இரண்டு வகை. ஒன்று, பக்கத்து விளக்கு நேராகக் கண்ணில் அடிப்பது. இன்னொன்று, ஊர் வெளிச்சமெல்லாம் மேலே போய்க் காற்றில் சிதறி வானத்தையே வெளுக்கச் செய்வது. எங்களுக்குத் தென்கிழக்கே கோலாலம்பூர். அந்தத் திசையில் அடிவானம் எப்போதும் வெளுத்துத்தான் கிடக்கும். அதை ஒரு தனி ஆள் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் தொலைநோக்கி பக்கத்தில் நிற்கும்போது உங்கள் நிழல் சுவரில் விழுகிறதா? அப்படியானால் முதல் வகைத் தொல்லையும் சேர்ந்திருக்கிறது. அதற்கு வழி உண்டு.

கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். மங்கிய ஒளியை உணரும் செல்களில் ரோடாப்சின் என்ற நிறமி மெல்ல மெல்லச் சேர வேண்டும். ஒரே ஒரு தடவை விளக்கைப் பார்த்துவிட்டால் போதும், சேர்ந்தது கலைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மங்கலான சிவப்பு விளக்கு அவ்வளவாகக் கெடுக்காது என்பதால்தான் நாங்கள் டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் ஒட்டிக்கொள்கிறோம்.

வானம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க எனக்குக் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் போதும். ஜனவரி, பிப்ரவரியில் முன்னிரவில் நன்றாக மேலே நிற்கும். வெறுங்கண்ணில் ஆறு மீனும் பிரிந்து தெரிந்தால் நல்ல இரவு. சோடியம் விளக்கு இருந்த காலத்தில் ஆறையும் எண்ணியிருக்கிறேன். புது விளக்கு வந்த பிறகு மூன்று தெரிந்தாலே பெரிது. சில இரவுகளில் ஒரு புகைத் திட்டு மட்டும்தான்.

செலவு குறைந்த வழியை முதலில் செய்தேன். நாற்றுப் பண்ணைகளுக்கு விற்கும் கருப்பு நிழல் வலையை வாங்கி இரண்டாக மடித்து, பி.வி.சி. குழாய்ச் சட்டத்தில் கட்டினேன். பழைய பெயிண்ட் டின்னில் சிமெண்டு ஊற்றி, அது காய்வதற்குள் குழாயை நட்டுவிட்டால் கால் தயார். ஆளுயரத்துக்கு மேல் இரண்டடி இருந்தால் விளக்கு மறைந்துவிடும். பார்த்து முடித்ததும் கழற்றி வையுங்கள். விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து வரும் புயல்காற்று சட்டத்தோடு தூக்கிக்கொண்டு போய்விடும். தலையைப் போர்த்திக்கொள்ள ஒரு கருப்புத் துணியும் வைத்துக்கொண்டேன். நம் புழுக்கத்தில் அதற்குள் இருப்பது சிரமம்தான், ஆனாலும் பலன் உடனே தெரியும்.

தொலைநோக்கியில் மாட்டி வேண்டாத ஒளியை வெட்டும் ஃபில்டர் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு அதில்தான் வீணாகிறது. சோடியம் விளக்கின் ஒளி பெரும்பாலும் மஞ்சள், ஆரஞ்சுப் பகுதியில் இருக்கும். பழைய ஃபில்டர்கள் அதை வெட்டுவதற்காகச் செய்தவை. வெள்ளை எல்.இ.டி.யோ நீலத்தில் தூக்கலாகத் தொடங்கி சிவப்புவரை பரவி நிற்கும், எதை வெட்டுவது? வாயு மேகங்கள் வெளிவிடும் சில நிறங்களை மட்டும் உள்ளே விடும் யூ.எச்.சி. வகை ஃபில்டர், ஒளிரும் வாயு மேகங்களுக்கு இன்னும் உதவுகிறது. ஈட்டா கரீனா நெபுலா அதில் எடுப்பாகத் தெரியும். ஒமேகா சென்டாரி போன்ற நட்சத்திரக் கொத்துக்கு அது பயன்படாது, இருக்கிற ஒளியையும் சேர்த்துக் குறைத்துவிடும். நமக்கு ஒமேகா சென்டாரி தெற்கே 39 பாகை உயரம் வரை ஏறுகிறது. ஐரோப்பாவில் பெரும்பாலான இடங்களில் அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. இந்த வரத்தை ஒரு தெருவிளக்குக்காக விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

அதனால் மனு. முதலில் போன அலுவலகத்தில் கம்பம் எங்களுடையதில்லை என்றார்கள். இரண்டாவது அலுவலகத்தில் கம்பம் எங்களுடையது, விளக்குக்கு அங்கே கேளுங்கள் என்றார்கள். எங்கள் இந்தியக் கிராமத் தலைவர்தான் வழி காட்டினார்: கம்பத்தில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பகலில் படமெடு, அதே கம்பம் வீட்டுக்குள் அடிப்பதை இரவில் படமெடு, இரண்டையும் மனுவோடு சேர்த்து இரண்டு இடத்துக்கும் ஒரே நாளில் கொடு. நட்சத்திரம் பார்க்க முடியவில்லை என்று மட்டும் எழுதாதே, சந்தில் இருப்பவர்களின் கையெழுத்தையும் வாங்கு என்றார்.

கையெழுத்துதான் கடினம். மூன்று வீடு தள்ளி ஓர் ஆயா, இன்னும் ஃபேக்டரியில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போகிறவர், கேட்டதும் முகம் மாறிவிட்டார்.

“ஏன் தம்பி, லைட்ட எடுத்துட்டா விடியக்காலைல நான் எப்படி பஸ்சுக்குப் போறது? வாய்க்கால் ஓரம் பாம்பு கெடக்குது.”

“எடுக்கச் சொல்லல ஆயா. அது இப்ப ஆகாயத்தப் பார்த்து எரியுது. கீழ, ரோட்டப் பார்த்து எரியச் சொல்றேன்.”

அவரைச் சந்துக்குக் கூட்டிப்போய், விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு தரையைப் பார்க்கச் சொன்னேன். கண்கூச்சம் போனதும் வாய்க்கால் விளிம்பு துலக்கமாகத் தெரிந்தது. “அட, ஆமா” என்று கையெழுத்துப் போட்டார். அவர் பயம் நியாயமான பயம். விளக்கை அணைக்கச் சொல்லி மனுக் கொடுப்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. இருட்டில் நடந்து வேலைக்குப் போகிறவர்கள் நம் ஊரில் நிறைய பேர்.

ஸ்கைலிஃப்ட் லாரியோடு வந்த டெக்னீஷியன் நல்ல மனிதர். விளக்கின் தலை, தாங்கும் கையில் மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதை அவரே காட்டினார். தட்டையான எல்.இ.டி. தலையைத் தரைக்கு இணையாகப் படுக்க வைத்தால் மேலே ஏறக்குறைய ஒளியே போகாது. சாய்த்தால்தான் எதிர்வீட்டு ஜன்னலுக்கும் வானத்துக்கும் போகிறது. ஸ்பேனரால் திருப்பிச் சமப்படுத்தினார். வீட்டுப் பக்கம் ஒரு தகடும் மாட்டினார். அவ்வளவுதான் வேலை. சந்தின் தரை முன்பைவிட நன்றாகத் தெரிகிறது, என் சுவரில் நிழல் விழுவதில்லை. வலை இப்போது ஸ்டோரில் கிடக்கிறது.

கார்த்திகையில் இப்போது ஐந்து தெரிகிறது. ஆறாவது இன்னும் திரும்பவில்லை; தென்கிழக்கில் கோலாலம்பூர் வெளிச்சமும் அப்படியே இருக்கிறது. கேட்டையும் மூலமும் தென்கிழக்கில்தான் உதிக்கின்றன என்பதால், விருச்சிகத்தைப் பார்க்க அது உச்சிக்கு நெருங்கும் வரை காத்திருக்கிறேன்.

அடுத்த தெருக்களில் இன்னும் சோடியம் விளக்குகள் இருக்கின்றன. அவற்றையும் மாற்றுவார்கள். மாற்றுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும் என்று இரண்டாவது மனுவில் இரண்டே கோரிக்கை வைத்திருக்கிறேன்: தலை சாயாமல் மாட்டுங்கள், ஒளியின் நிற அளவு 3000 கெல்வினுக்கு மேற்படாமல், அதாவது நீலம் குறைந்த, மஞ்சள் சாய்ந்த வெள்ளையில் போடுங்கள். 1988இல் அமெரிக்காவில் தொடங்கிய, இரவு வானத்தின் இருட்டைக் காக்கும் டார்க்ஸ்கை அமைப்பு தான் அங்கீகரிக்கும் விளக்குகளுக்கு வைத்திருக்கும் வரம்பும் இதே 3000தான். நீலம் குறைந்த ஒளி காற்றில் குறைவாகச் சிதறும். மனுவில் எங்கள் வட்டாரத்துக் கம்போங் குவாந்தான் கிராமத்து மின்மினிகளையும் சேர்த்தேன். ஆற்றோர மரங்களில் அவை ஒரே தாளத்தில் மின்னி இணை தேடுவதற்கும் இருட்டு வேண்டும் என்று இந்த வட்டாரத்து அதிகாரிகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்தத் தடவை கையெழுத்துக்காக நான் வீடு வீடாக ஏறவில்லை. ஆயாவே தாளை வாங்கிக்கொண்டு போனார்.