இரண்டு வரி ஹேடன்

இடம் இல்லை என்றுதான் அன்றைக்குச் சொன்னேன். பக்கம் அனுப்ப வேண்டிய நேரமும் தாண்டியிருந்தது, அது பொய்யில்லை.

ஹாலிவுட் நடிகர் ஸ்டெர்லிங் ஹேடன் பற்றிய கட்டுரை. எழுதியவள் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆன பெண். காட்ஃபாதரில் அல் பசினோவின் தாடையை உடைத்துவிட்டு, அப்புறம் ஓட்டலில் சாப்பிடும்போதே அவர் கையால் சுடப்பட்டுச் சாகும் போலீஸ் கேப்டன், அவர்தான் ஹேடன். கட்டுரை அங்கேதான் ஆரம்பிக்கும் என்று எதிர்பார்த்தேன். அவளோ 1951 ஏப்ரலில் ஆரம்பித்திருந்தாள். கம்யூனிஸ்டுகளைத் தேடிக்கொண்டிருந்த அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழு முன் உட்கார்ந்து, தன்னோடு கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர்களின் பெயர்களை ஹேடன் சொல்கிறார். அதில் ஒரு பெயர் அவருடைய பழைய காதலியுடையது.

நான் அதைக் கடைசிக்குத் தள்ளி இரண்டு வரியாக்கினேன். 22 வயதில் கேப்டனாகி டஹிட்டிக்குக் கப்பல் ஓட்டிப்போனது, இரண்டாம் உலகப் போரில் ஜான் ஹாமில்டன் என்ற பெயரில் யூகோஸ்லாவியக் கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு ஆயுதம் கடத்தியது, சில்வர் ஸ்டார் பதக்கம் எல்லாம் மேலே வந்தன. (அந்தப் போராளிகள் மேல் வந்த மதிப்பில்தான் 1946இல் கட்சியில் சேர்ந்தார், சில மாதங்களில் விலகியும்விட்டார்.)

அவள் என் மேஜைக்கு வந்து, "சார், அவரே வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டது அதைத்தானே, அதை ஏன் ஓரமா வைக்கிறோம்?" என்றாள்.

"ஒரு நாள் செஞ்சதை வெச்சு ஒரு மனுஷனை எடை போடக் கூடாதும்மா."

"சரி சார். ஆனா பேர் சொல்லப்பட்டவங்க என்ன ஆனாங்கன்னு ஒரு வரி இருந்துச்சு, அதுவும் போயிடுச்சே."

நான் பதில் சொல்லாமல் ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் சொன்னது தப்பா என்று இன்னமும் தெரியவில்லை. பெயர் சொல்ல மறுத்தவர்களும் சொல்லப்பட்டவர்களும் வேலை இழந்து நின்றபோது, ஹேடனுக்குப் படங்கள் வந்துகொண்டே இருந்தன. 1954இல் ஜானி கிட்டார், 1956இல் இயக்குநர் குப்ரிக்கின் தி கில்லிங். அதே குப்ரிக் 1964இல் அவரை, கம்யூனிஸ்டுகள் தண்ணீரைக் கெடுக்கிறார்கள் என்று நம்பி அணுகுண்டு விமானங்களை ஏவிவிடும் ஜெனரலாக நடிக்க வைத்தார். அந்த வசனத்தைப் பேசும்போது அவருக்கு என்ன தோன்றியிருக்கும்? அதற்கு முந்தைய வருடம் வந்த சுயசரிதையில், அன்று செய்ததற்காகத் தன்னைத் தானே எவ்வளவு கேவலமாக நினைக்கிறார் என்று எழுதியிருந்தார். ஒரு நாள் செய்தது என்று அவர் தனக்குச் சலுகை கொடுத்துக்கொள்ளவில்லை. நான்தான் கொடுத்தேன். கேட்காதவருக்குக் கொடுத்த சலுகை.

இன்னொன்றும் உண்டு. அந்தக் குழுவுக்குப் பெரும்பாலான பெயர்கள் முன்பே தெரியும். தெரிந்ததையே வாயால் சொல்ல வைப்பதற்குத்தான் அந்த விசாரணை. இதை அவள் எழுதியிருந்தாள், படித்ததும் எனக்கு வயிற்றைப் புரட்டியது. ஹேடன் கட்டுரைக்கு இரண்டு வருடம் முன்பு, அதே அலுவலகத்தில், கதவு சாத்திய ஓர் அறையில், சம்பளம் பற்றி வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தது யார் என்று என்னைக் கேட்டார்கள். ஒரே ஒரு பெயர் சொன்னேன். அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பது அவர்கள் முகத்திலேயே இருந்தது, நான் சொல்லாவிட்டாலும் அவன் போயிருப்பான். இதைப் பல தடவை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன், சில நாள் நம்பவும் செய்கிறேன். அதற்கும் கட்டுரையில் கைவைத்ததற்கும் சம்பந்தமில்லை என்றுகூட வாதாட முடியும், பக்கம் உண்மையிலேயே தாமதமாகத்தான் போனது.

அவள் இப்போது வேறு இடத்தில் இருக்கிறாள். அவளுடைய முதல் வடிவம் என் கணினியில் இருக்கிறது. போன வாரம் அதையும் அச்சான பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் எடுத்தது எட்டு வரி. அந்த இடத்தை நிரப்ப, கப்பல் தளத்தில் அவர் நிற்கும் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் போட்டிருந்தேன்.