கிழக்குச் சுவர்ப் பூச்சு: இரண்டு மேஸ்திரிகள், இரண்டு மழைக்காலம்

கோத்தகிரிக்குத் தொட்டபெட்டா மலைத்தொடர் ஒரு பெரிய மறைப்பு. ஆடியில் கூடலூர்ப் பக்கம் நனைகிற அளவு நாங்கள் நனைவதில்லை. எங்களுக்கு அடி விழுவது ஐப்பசி, கார்த்திகையில். கிழக்கிலிருந்து வரும் மழை சுவரில் நேராக அறையும். எங்கள் வீட்டில் எப்போதும் தொல்லை கொடுத்தது அந்தக் கிழக்குச் சுவர்தான்.

வீடு தாத்தா காலத்தது. கல்லையும் செங்கல்லையும் மண்சாந்தில் வைத்துக் கட்டி, மேலே சுண்ணாம்புப் பூச்சு பூசியது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்ததே, அந்த மழையில் கிழக்குச் சுவர்ப் பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. மாவட்டம் முழுக்க மண்சரிவில் உயிர்கள் போன நேரம். பூச்சு விழுந்ததைப் பற்றிப் பேசவே யாருக்கும் மனம் வரவில்லை. அடுத்த கோடையில் அப்பா சிமெண்டுப் பூச்சு போட்டார். கெட்டியாக, வழவழவென்று பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சில வருடங்களில் வீட்டுக்குள்ளே ஓதம் ஏற ஆரம்பித்தது. பீரோவுக்குப் பின்னால் உப்புப் பூத்தது. துணியெல்லாம் பூஞ்சை வாடை.

2022ல் ஒரு கான்ட்ராக்டரை அழைத்தேன். பத்து நிமிடம் பார்த்தார், சதுர அடி ரேட் சொன்னார், மழைத்தண்ணி இறங்காத பெயிண்ட் அடித்தால் சரியாகிவிடும் என்றார். ரேட் குறைவாக இருந்ததால் நானும் ஒத்துக்கொண்டேன். செப்டம்பரில் வேலையைத் தொடங்கினார். உப்பியிருந்த இடங்களை மட்டும் கொத்திவிட்டு மறுபடி சிமெண்டு, அதன்மேல் பெயிண்ட். தை மாதம் பெயிண்டில் கொப்புளங்கள். ஊசியால் குத்தினால் தண்ணீர் வழிந்தது. ஒரு தடவை வந்து பார்த்தவர், அப்புறம் போனை எடுக்கவில்லை. முழுப் பணமும் கொடுத்து முடித்திருந்தேன்.

அடுத்த முறை அவசரப்படவில்லை. எஸ்டேட் பங்களாக்களில் வேலை செய்த ஒரு மேஸ்திரி காரமடையிலிருந்து வந்தார். ரேட்டே பேசவில்லை. முதலில் கூரையில் ஏறி, விளிம்புத் தகரத்தில் இலை அடைத்திருந்த இடத்தைக் காட்டினார். அப்புறம் வீட்டைச் சுற்றி நடந்தார். பின்பக்கச் சரிவிலிருந்து வருடா வருடம் இறங்கிய மண் பேஸ்மட்டத்துக்கு மேலே ஒரு அடி ஏறி நின்றிருந்தது. நான் தினமும் பார்க்கிற இடம், கண்ணில் பட்டதே இல்லை. ஒரு நாணயத்தால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். பொள்ளலாகச் சத்தம் வந்த இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டைப் பெயர்த்து, பின்னாலிருந்த மண்சாந்தை விரலால் எடுத்துக் காட்டினார். களிமண் போல ஈரம்.

“சிமெண்டுல முடி மாதிரி வெடிப்பு விழுந்தாப் போதுமுங்க அக்கா. தண்ணி உள்ள போயிரும், திரும்பி வெளிய வர வழியில்ல. சுண்ணாம்புன்னா நனையும், வெயில் வந்தாக் காஞ்சிரும்.”

அதற்கு மேலும் கேள்வி கேட்டேன், சலிக்காமல் பதில் சொன்னார். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடிய ஒரு வெடிப்பைக் காட்டி, “இத இப்பப் பூசக் கூடாதுங்க” என்றார். வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு கிழித்துத் தேதி எழுதினார். கோட்டைத் தாண்டி வளர்ந்தால் அது அஸ்திவாரக் கோளாறு, பூச்சு போட்டு மறைத்துப் பயனில்லையாம். மூன்று மாதம் பார்த்தோம், நகரவில்லை.

குன்னூரில் அவர் பூசி மூன்று மழை கண்ட ஒரு சுவரைப் போய்த் தொட்டுப் பார்த்தேன். அந்த வீட்டு அம்மாதான் சொன்னார், சுமைகூலியைத் தனியாக எழுதி வாங்கு என்று. எவ்வளவு சரியான யோசனை! மணலும் சுண்ணாம்பும் மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் ஏறி வந்தாலும், எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே நாற்பது படி. சாரத்துக்கும் தலைச்சுமைக்கும் யார் கொடுப்பது என்று எழுதாமல் விட்டிருந்தால் நடுவில் சண்டைதான் வந்திருக்கும். பணத்தை நான்கு தவணையாகப் பிரித்தோம். பத்தில் ஒரு பங்கு, அடுத்த கார்த்திகை மழை முடிந்த பிறகு. அதற்கு அவர் ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. அப்போதே எனக்குப் பாதி நிம்மதி.

2024 ஜனவரி கடைசியில் தொடங்கினோம். சிமெண்டு முழுவதையும் கையாலேயே கொத்தி எடுத்தார்கள். மெஷின் வைத்தால் மண்சாந்து உதிரும் என்றார். அதற்குப் பிறகு மூன்று வாரம் சுவரை அப்படியே திறந்து போட்டுவிட்டார். அந்த மூன்று வாரம் எனக்குத் தூக்கமே இல்லை. ஒரு மழை வந்தால் என்ன ஆகும் என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஈரச் சுவர்மேல் பூசினால் பழைய கதைதான். அந்த இடைவெளியில் பின்பக்க மண்ணை வெட்டி இறக்கி, தண்ணீர் ஓட ஒரு வாய்க்காலும் போட்டார்கள்.

சுண்ணாம்புக் கல்லை முன்பே குழியில் நீற்றிப் போட்டிருந்தார். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். கல் இடுக்குகளை முதலில் அடைத்தார்கள். முதல் பூச்சைக் கரணை முனையால் கீறி விட்டு, இறுகிய பிறகுதான் இரண்டாவது பூச்சு. குளிர் காலம் என்பதால் காலை ஒன்பதரைக்கு முன் சாந்து தொடமாட்டார், நாலு மணிக்கு மேல் பூசமாட்டார். ஈரச் சாக்குத் தொங்கவிட்டு மெதுவாகக் காயவிட்டார்கள். வேகமாகக் காய்ந்தால் சுண்ணாம்பு வெடிக்கும். சன்ஷேடுக்கு அடியில் ஒரு சின்னக் கோடு பள்ளம் எடுத்தார், தண்ணீர் சுவருக்கு ஓடாமல் அங்கேயே சொட்டிவிடும். மேலே பெயிண்ட் கிடையாது, சுண்ணாம்பு வெள்ளைதான். என் தம்பிக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது.

கார்த்திகை மழை வந்தது. சுவர் நனைந்து கறுத்தது, பயந்துபோய் உள்ளே ஓடித் தொட்டுப் பார்த்தேன், காய்ந்த சுவர். மழை விட்டு நான்கு நாள் வெயிலில் வெளியே பழைய நிறம் திரும்பியது. சமையலறை மூலையில் மட்டும் ஒரு முழ நீளத்துக்குப் பூச்சு பொரிந்தது. போன் செய்தேன், அந்த வாரமே வந்தார். அங்கே வாய்க்காலில் வாட்டம் சரியில்லை என்று கண்டுபிடித்து, அதைச் சரிசெய்த பிறகே பூசினார். மீதிப் பணத்தை அன்று கொடுத்தேன்.

மிஞ்சிய சுண்ணாம்பை ஒரு டிரம்மில் தண்ணீருக்கடியில் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். காற்றுப் படாமல் இருந்தால் கெடாது, நாள் ஆக ஆக நயம் கூடும் என்றார். புரட்டாசியில் கூரைத் தகரத்தைச் சுத்தம் செய்வதும், நாணயத்தால் சுவரைத் தட்டிப் பார்ப்பதும், டிரம்மில் தண்ணீர் வற்றாமல் ஊற்றி வைப்பதும் இப்போது என் வேலை.