கடதாசி ஆலையைச் சுற்றி ஒரு காலை

வாழைச்சேனைக்குப் போனது மீன் வாங்கத்தான். மட்டக்களப்பிலிருந்து 30 கிலோமீற்றர் சொச்சம், நண்பனின் மோட்டார் சைக்கிள். துறைமுகத்தில் படகுகள் இன்னும் வந்து சேரவில்லை. "சும்மா நிக்கிறத்துக்குக் கடதாசி ஆலைப் பக்கம் போயிட்டு வருவம்" என்றான்.

உள்ளே போக அனுமதி எடுத்திருக்கவில்லை. மதிலோரமாகவே நடந்தோம். ஆளுயரப் பற்றை, துருப்பிடித்த தகரம், வேப்பமர நிழலில் படுத்து அசைபோடும் ஆடுகள். பாழடைந்த இடம் என்று நினைக்கும்போதே உள்ளேயிருந்து இயந்திர இரைச்சல் கேட்கும்.

ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்துத் திட்டம் இது. காங்கேசன்துறையில் சீமெந்து, பரந்தனில் இரசாயனம், இங்கே கடதாசி. 1956இல் உற்பத்தி தொடங்கியது. மூலப்பொருள் நம் வயல் வைக்கோல். கோஸ்டிக் சோடாவில் அவித்துக் கூழாக்குவார்கள். வைக்கோலின் நார் குட்டை. நீள நாருள்ள மரக்கூழைக் கொஞ்சம் கலந்தால்தான் தாள் கிழியாமல் நிற்கும்.

தேநீர்க் கடை அக்காவுக்கு அந்தக் காலம் நன்றாக நினைவிருக்கிறது. "வைக்கல் லொறி வரிசையா நிக்கும் தம்பி. அவிக்கிற மணத்துக்குச் சோறு இறங்காது. மறுகா அதுவும் பழகிப்போச்சு."

பல வருடம் மூடிக்கிடந்த ஆலை இப்போது பழைய கடதாசியை வைத்து ஓடுகிறது. வாசலருகே ஒரு லொறி நின்றது. இறுக்கிக் கட்டிய கட்டுகளுக்குள்ளிருந்து ஒரு கொப்பித்தாள் நீட்டிக்கொண்டிருந்தது. பென்சிலில் 7 × 8 = 54. பக்கத்தில் பெரிய சிவப்புப் பிழை. எந்தப் பிள்ளையோ! இனித் தண்ணீரில் சுழன்று நார்நாராகப் பிரியும். ஸ்டேப்ளர் கம்பி, பொலித்தீன் எல்லாவற்றையும் அரித்தெடுத்த பிறகு மறுபடி தாளாகும். அந்தப் பிழையும் அதோடு கரையும். எனக்கு அது பிடித்திருந்தது.

வைக்கோல் விஷயம்தான் மனதுக்கு ஒப்பவில்லை. வந்த வழியில் அறுவடை முடிந்த வயல்களில் அதைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். புகையில் கண் எரிந்தது. வைக்கோலை அவித்தால் கறுப்புக் கழிவுநீர் வரும், அதைச் சுத்திகரிப்பது லேசல்ல என்பது தெரியும். சரி, அதற்காக அத்தனையையும் நெருப்புக்கா கொடுப்பது?

திரும்பிப் போனபோது நல்ல மீனெல்லாம் முடிந்து சூடை மட்டுமே மிச்சம். கடதாசியில் சுற்றித் தரச் சொன்னேன். வியாபாரி சிரித்தார்.

"கடதாசிக்கு நான் எங்க தம்பி போற?" என்றபடி பொலித்தீன் பையை விரித்தார்.