ஒரே தட்டில் ஐந்து கொலனிகள்

கிருமி வளர்க்கும் மெக்கொங்கி அகார் தட்டில், ஈ.கோலை என்ற குடல் பக்டீரியா இளஞ்சிவப்பாக முளைக்கும். சுகமாக ஓடித்திரியும் பிள்ளையின் மலத்தில் இருந்தும் அதே நிறம், மூன்று நாள் வயிற்றோட்டத்தில் வாடிப்போன பிள்ளையின் மலத்தில் இருந்தும் அதே நிறம். கொழும்பில் ஆய்வுகூட வேலைக்கு வந்த புதிதில் என்னைக் குழப்பியது இதுதான். லக்டோஸ் என்ற பாற்சீனியைப் புளிக்கவைக்கிறது, இன்டோல் சோதனை பொசிட்டிவ், ஆகவே ஈ.கோலை. சரி, அப்புறம்? தியோடர் எஷரிக் 1885இல் இந்தக் கிருமியை விவரித்ததே குழந்தைகளின் மலத்தில் இருந்து எடுத்துத்தான். எல்லோர் குடலிலும் குடியிருக்கிற ஒன்றின் பெயரை மட்டும் ரிப்போட்டில் எழுதினால் வைத்தியருக்கு என்ன பிரயோசனம்?

அதனால்தான் நாங்கள் நோயாக்கும் மரபணுக்களைத் தேடுகிறோம். தட்டில் புள்ளியாக முளைக்கும் கிருமிக் கூட்டமான கொலனியைத் தண்ணீரில் கரைத்து, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, மேலே தெளியும் நீரை, தேடும் மரபணுவைப் பல பிரதிகளாகப் பெருக்கும் பீ.சீ.ஆருக்குப் போடுவோம். ஈ.ஏ.ஈ. மரபணு இருந்தால் கிருமி குடற்சுவரில் இறுக ஒட்டக்கூடியது. ஈ.எல்.டீ., ஈ.எஸ்.டீ. இருந்தால் குடலில் இருந்து நீரை வெளியேற்றும் நச்சு. எஸ்.டீ.எக்ஸ். என்றால் சிறுநீரகம் வரை போகக்கூடிய ஷிகா நச்சு. பெருகிய துண்டுகளை அளவுப்படி பிரிக்கும் ஜெல்லைப் புறஊதா வெளிச்சத்தில் பார்க்கும்போது, அந்தந்த மரபணுவுக்கு உரிய உயரத்தில் செம்மஞ்சள் கோடு மினுங்கும். விடை முன்பே தெரிந்த கொன்ட்ரோல் மாதிரி சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றக் கோடுகளை நம்புவேன்.

ஒருமுறை ஒரு குழந்தையின் கிருமியில் ஈ.ஏ.ஈ.யும் பீ.எஃப்.பீ.ஏ. என்ற இன்னொரு நோயாக்கும் மரபணுவும் சேர்ந்து வந்தன. அப்படி இரண்டும் இருந்தால் அது குழந்தைகளைத் தாக்கும் அசல் ஈ.பீ.ஈ.சி. வகை. சில கிழமை கழித்து உறுதிப்படுத்தத் திரும்பச் செய்தேன். ஈ.ஏ.ஈ. கோடு அப்படியே இருந்தது, மற்றதைக் காணவில்லை. மரபணுவைத் தேடிப் பிடிக்கும் பிரைமரை மாற்றினேன், வெப்பநிலையை மாற்றினேன், இரண்டு நாள் போனது. கடைசியில் பக்கத்து மேசை அக்கா கேட்டார்: "பிள்ளை, இதை எத்தனை தரம் புதுத் தட்டுக்கு மாத்தி சப்கல்ச்சர் பண்ணினீங்கள்?"

"ஆறு தரம் அக்கா."

"அப்ப பிளாஸ்மிட் விழுந்திருக்கும். முதல்நாள் கிளிசரோலில் போட்டு உறையவச்சது இருக்கோ?"

இருக்கவில்லை. ஈ.ஏ.ஈ. குரோமோசோமிலேயே இருப்பதால் தங்கிவிடுகிறது. பீ.எஃப்.பீ.ஏ. பிளாஸ்மிட் என்ற தனியான சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருக்கிறது. ஊட்டம் நிறைந்த தட்டில் கிருமிக்கு அந்தச் சுமை தேவையில்லை, கைவிட்டுவிடுகிறது. அந்தப் பிள்ளைக்கு வந்தது எந்த வகை என்பதற்கு முதல்நாள் எடுத்த ஜெல் படம் மட்டுமே மிஞ்சியது. இன்றைக்கும் அது எனக்கு மனவருத்தம்தான்.

மரபணு இருக்கிறது என்பதற்காக நோய்க்கு அதுவே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. சுகமான பிள்ளைகளிலும் ஈ.ஏ.ஈ. உள்ள கிருமிகளைக் கண்டிருக்கிறோம். ஒரே ஒரு மரபணுவை அடையாளமாக நம்புவதும் ஆபத்து. 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளையால் பரவி ஐம்பதுக்கு மேற்பட்டோரைக் கொன்ற ஈ.கோலையில் ஈ.ஏ.ஈ. இல்லை. கூட்டமாக ஒட்டும் வேறொரு வகை, ஷிகா நச்சு மரபணுவையும் பெற்றிருந்தது. நாங்கள் சாம்பாரில் போடுகிற அதே வெந்தயம். அந்தச் செய்தியை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு கலங்கும்.

இப்போது ஒவ்வொரு தட்டிலும் ஐந்து கொலனி எடுக்கிறேன். அன்றைக்கே கிளிசரோலில் போட்டு மைனஸ் 80 பாகை செல்சியஸில் வைத்துவிடுகிறேன். போன மழைக்காலத்தில் வந்த ஒரு தட்டில் நான்கு கொலனியிலும் ஒன்றுமில்லை. ஐந்தாவதில் எஸ்.டீ.எக்ஸ். 2, எங்கள் ஜெல்லில் அடிக்கடி காணாத கோடு. திரும்பச் செய்து பார்த்துவிட்டு, பின்னேரமே வைத்தியருக்குக் கோல் எடுத்தேன். இந்த வகைக்கு அன்டிபயோட்டிக் கொடுத்தால் சிறுநீரகப் பாதிப்புக் கூடக்கூடும் என்பதால் அவர் அதைத் தொடங்காமல் வைத்தார். "பிள்ளைக்கு யூரின் ஒழுங்காப் போகுதா எண்டு பாக்கச் சொல்லுறன் மிஸ்," என்றார். அடுத்த நாள் காலை நான் தட்டுகளைத் தொட முதல் அவருக்குத்தான் கோல் எடுத்தேன். யூரின் ஒழுங்காகப் போயிருந்தது.