காரில் புதுச் சத்தமா? பாகத்தை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

"முன்பக்கம் ஏதோ சத்தம் வருது" என்று மட்டும் சொல்லி வண்டியை ஒர்க் ஷாப்பில் விட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். மெக்கானிக் ஓட்டிப் பார்க்கும்போது வண்டி வாயே திறக்காது. இல்லையென்றால், சந்தேகத்தின் பேரில் இரண்டு மூன்று பாகங்கள் மாறும், சத்தம் மட்டும் மாறாது. எங்கிருந்து வருகிறது என்பதில் காது சுலபமாக ஏமாறும். பின் சக்கரத்தில் கிளம்பும் சத்தம் பாடி தகடு வழியாகப் பரவி, முன் சீட்டுக்கு அடியில் கேட்கலாம். ஆனால் எப்போது வருகிறது, எதைச் செய்தால் கூடுகிறது, எதைச் செய்தால் நிற்கிறது என்பதில் அவ்வளவு குழப்பம் வராது. அதைச் சரியாகக் கவனித்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

முதலில் பிரிக்க வேண்டியது, சத்தம் இன்ஜின் சுற்றோடு போகிறதா, சக்கரச் சுற்றோடு போகிறதா என்பதை. வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் ஆக்ஸிலேட்டரை மெல்ல மிதித்து 2000, 2500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள்) வரை ஏற்றுங்கள். அப்போதே சத்தம் வந்தால் இன்ஜின், பெல்ட், சைலன்சர் பக்கம் தேடலாம். வரவில்லையென்றால் காலியான சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் நான்காவது கியரில் போங்கள். பிறகு அதே 50-இல் மூன்றாவது கியருக்கு மாற்றுங்கள். இன்ஜின் சுற்று ஏறுகிறது, சக்கரம் அதே வேகத்தில் சுற்றுகிறது. சத்தமும் கூடவே ஏறினால் இன்ஜின் பக்கம். அப்படியே இருந்தால் டயர், பேரிங், ஆக்ஸில் பக்கம். ஓடும்போது இன்ஜினை ஆஃப் செய்து சோதிக்க மட்டும் வேண்டாம். பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டீயரிங்கும் கைவிட்டுவிடும், சில வண்டிகளில் ஸ்டீயரிங்கே லாக் ஆகிவிடும்.

மேனுவல் கியர் வண்டியில் இன்னொரு சோதனையும் உண்டு. ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல் இன்ஜின் ஓட நிற்கும்போது, க்ளட்சை மிதித்தால் சத்தம் வருகிறது, விட்டால் நிற்கிறது என்றால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகப்படலாம். விட்டிருக்கும்போது கரகரவென்று இருந்து, மிதித்தால் அடங்குகிறது என்றால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங் பக்கம் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். க்ளட்ச் பிளேட்டும் தேய்ந்திருந்தால் அதையும் சேர்த்து முடித்துவிடுவதே லாபம், இறக்கி ஏற்றும் கூலி ஒரு தடவையோடு போகும்.

அதிகம் குழப்புவது, வேகம் ஏற ஏறக் கூடும் அந்த ரீங்காரம். டயரா, வீல் பேரிங்கா? டயர் சத்தம் சாலைக்குத் தகுந்தாற்போல் மாறும். கரடுமுரடான தாரிலிருந்து வழவழப்பான பரப்புக்கு வந்ததும் குறையும். பேரிங் சத்தத்துக்கு சாலை எதுவானாலும் ஒன்றுதான். சீரான வேகத்தில் ஸ்டீயரிங்கை மெல்ல இடமும் வலமும் சாய்த்துப் பாருங்கள். இடதுபக்கம் திரும்பும்போது எடை வலது சக்கரங்களின் மேல் ஏறும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலது பக்க பேரிங், எதிர்ப்பக்கம் திரும்பும்போது கூடினால் இடது. பேரிங்கை மாற்றும் முன் டயரின் பட்டன்களை, அதாவது சாலையில் படும் ரப்பர் கட்டிகளை, ஒரு தடவை கையால் தடவிப் பார்த்துவிடுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம் போலவும் உறுத்தினால், அலைன்மென்ட் தப்பியதாலோ டயர்களை இடம் மாற்றாமல் ஓட்டியதாலோ வந்த தேய்மானம் அது. பேரிங்கே போனது போலச் சத்தம் கொடுக்கும்.

உறுதி செய்ய வண்டியைத் தூக்க வேண்டும். சமதரையில், மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியோடு ஸ்டாண்டும் வைத்துத் தூக்குங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது. சக்கரத்தை ஒரு கையால் சுற்றிக்கொண்டே மறு கையை சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் வையுங்கள். பேரிங் கெட்டிருந்தால் காதில் விழுவதற்கு முன் ஸ்பிரிங் வழியாக அந்தக் கரகரப்பு விரலில் தெரியும். பிறகு சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட் (சக்கரத்தை சஸ்பென்ஷனோடு இணைக்கும் மூட்டு). ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டும்போது ஆட்டம் காணாமல் போனால் பேரிங், அப்படியே இருந்தால் பால் ஜாயின்ட். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டைப் பாருங்கள்.

ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, ஆக்ஸிலேட்டர் கொடுத்துத் திரும்பும்போது மட்டும் "டக் டக் டக்" என்று வேகத்துக்கேற்ப வந்தால் ஆக்ஸிலின் வெளிப்பக்க சிவி ஜாயின்ட், அதாவது சக்கரம் திரும்பினாலும் அதைச் சுற்ற வைக்கும் மூட்டு. காரணம் பெரும்பாலும் அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் (உறை) கிழிந்ததுதான். கிரீஸ் வெளியே போய் மண்ணும் தண்ணீரும் உள்ளே போயிருக்கும். சக்கரத்தின் உள்பக்கம் கருப்பாக கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். கிழிந்த புதிதில், சத்தம் வருவதற்கு முன்பே கவனித்தால் பூட்டும் கிரீஸும் மாற்றுவதோடு முடியும். டக் டக் ஆரம்பித்த பிறகு ஜாயின்ட்டையே மாற்ற வேண்டியதுதான்.

பிரேக்கில் மூன்று விதமான சத்தத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். காலையில் வண்டி எடுத்ததும் முதல் சில பிரேக்கில் மட்டும் கரகரவென்று வந்து நின்றுவிட்டால், ராத்திரி ஈரத்தில் டிஸ்க்கின் மேல் படிந்த மெல்லிய துரு உதிர்கிறது, பயமில்லை. மெல்லிய கீச்சுக் குரல் ஓடும்போதே வந்து, பிரேக்கைத் தொட்டதும் மாறினால் அது பேடில் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டை) வைத்திருக்கும் எச்சரிக்கைத் தகடாக இருக்கலாம். பேட் சுமார் 2, 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் அந்தச் சின்ன இரும்பு நாக்கு டிஸ்க்கில் உரசிக் கத்தும்படி வைத்திருப்பார்கள். புது பேட் பொதுவாக 10 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். எல்லா பேடிலும், குறிப்பாக மலிவான மாற்று பேட்களில், இந்தத் தகடு இருப்பதில்லை. ஆகவே கத்தவில்லை என்பதற்காகத் தேயவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அலாய் வீல் என்றால் டார்ச் அடித்து ஆரங்களின் இடுக்கு வழியாகவே வெளிப்பக்க பேடைப் பார்த்துவிடலாம். உள்பக்க பேடையும் பார்க்க வேண்டும். காலிபரின் (பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) ஸ்லைடு பின் இறுகிவிட்டால் வெளியே பாதி இருக்கும்போதே உள்ளே தீர்ந்திருக்கும்.

மூன்றாவது, மிதிக்கும்போதெல்லாம் இரும்பும் இரும்பும் அரைக்கும் சத்தம். பேட் தீர்ந்து அதன் முதுகுத் தகடு டிஸ்க்கை அறுக்கிறது. இதோடு ஓட்டக் கூடாது. ஒரு விதிவிலக்கு உண்டு. பிரேக் போட்டாலும் போடாவிட்டாலும் திடீரென்று ஓயாத உரசல் வந்தால், டிஸ்க்குக்கும் பின்னாலிருக்கும் தகட்டுக்கும் நடுவில் சின்னக் கல் மாட்டியிருக்கலாம். மெதுவாகக் கொஞ்ச தூரம் பின்னால் எடுத்தால் பல நேரம் தானே விழுந்துவிடும்.

பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்புவது பலர் செய்வது. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும், டப்பாவில் மட்டம் இறங்கும். அதாவது குறைந்த மட்டமே ஒரு தகவல். பேட் நல்ல கனத்தில் இருந்தும் இறங்கினால் எங்கோ கசிகிறது. பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கினாலோ, மிதித்துப் பிடிக்கும்போது மெல்லக் கீழே போனாலோ வண்டியை எடுக்கவே வேண்டாம்.

பள்ளம் மேட்டில் வரும் சத்தத்துக்கு விளக்கம் சுருக்கமானது. மெதுவாகப் போகும்போது சின்னச் சின்ன மேட்டில் "டொக் டொக்" என்றால் முதலில் ஸ்டெபிலைசர் லிங்க் ராடைப் பாருங்கள். மலிவானது, அடிக்கடி போவதும் அதுதான். ஷாக் அப்சார்பரைக் குறை சொல்லுமுன் இதைப் பார்க்காத ஒர்க் ஷாப்பை நம்ப வேண்டாம். வண்டி கிளம்பும்போது ஒரு "டம்", பிரேக் போடும்போது ஒரு "டம்" என்றால் லோயர் ஆர்ம் புஷ் அல்லது இன்ஜின் மவுன்ட். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் "டொய்ங்" என்று துள்ளினால் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த பாகம்) மேல் மவுன்ட். ஷாக்கில் எண்ணெய் வழிந்து மண் ஒட்டியிருந்தால் அது போய்விட்டது. இதையெல்லாம் பார்ப்பதற்கு முன்னால் டிக்கியைக் காலி செய்யுங்கள். ஸ்டெப்னியும் ஜாக்கியும் சரியாக மாட்டப்படாமல் ஆடுவதைப் பெரிய சஸ்பென்ஷன் கோளாறு என்று நினைத்து வருகிறவர்கள் ஏராளம்.

பானட்டுக்கு அடியில், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் கிரீச்சென்று கத்தி, கொஞ்ச நேரத்தில் அடங்குவது பெல்ட். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது பெல்ட்டின் வரி உள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீரை ஸ்பிரே செய்து பாருங்கள். துப்பட்டா, டை, தளர்ந்த சட்டைக் கை, அவிழ்ந்த தலைமுடி எதுவும் அருகில் போகக் கூடாது. தண்ணீர் பட்டதும் சத்தம் அதிகமானால் இழுவை போதாமல் பெல்ட் வழுக்குகிறது, அதை இறுக்கி வைக்கும் டென்ஷனரைப் பார்க்க வேண்டும். சில விநாடி நின்று மறுபடி வந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. இந்த நிலையில் பெல்ட்டை மட்டும் மாற்றினால் கொஞ்ச நாளில் புது பெல்ட்டும் கத்தும். ஏசி போட்டால் மட்டும் வரும் சத்தம் கம்ப்ரஸர் பக்கம். ஏசியை ஆஃப் செய்தால் வந்து ஆன் செய்தால் அடங்குவது கம்ப்ரஸர் புல்லியின் பேரிங்.

இன்ஜினுக்குள்ளிருந்து லேசான "டிக் டிக்" வந்தால் முதல் வேலை டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) இழுப்பது. சமதரையில் நிறுத்தி, ஆஃப் செய்து ஐந்து பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். ஆயில் சரியாக இருந்தும், குளிர்ச்சியாக இருக்கையில் டிக் டிக் கேட்டு சூடானதும் மறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட்டில் கசிவு இருக்கலாம். சூட்டில் உலோகம் விரிந்து இடுக்கை அடைத்துக்கொள்ளும். ஆழமான, கனமான "டொக் டொக்" ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்கப் பலமானால் அது கனெக்டிங் ராட் பேரிங். அங்கேயே நிறுத்தி டோ செய்யுங்கள். "வீடு வரைக்கும் போயிடலாம்" என்று போன அந்தத் தூரத்தில்தான் ராட் உடைந்து பிளாக்கைத் துளைக்கும்.

விளக்குகளுக்கு வருவோம். சிவப்பு என்றால் நிறுத்து, மஞ்சள் என்றால் சீக்கிரம் கவனி. சிவப்பு எண்ணெய்க் குப்பி காட்டுவது பெரும்பாலான வண்டிகளில் ஆயில் அளவை அல்ல, அழுத்தத்தை. எரிந்ததும் ஓரம் கட்டி உடனே இன்ஜினை நிறுத்துங்கள். அளவு சரியாக இருந்து, திரும்ப ஸ்டார்ட் செய்தும் அணையவில்லையென்றால் ஓட்டக் கூடாது. சூடு மானி ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில், ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். இன்ஜின் சூட்டில் கொஞ்சம் உள்ளே இறங்கும், நிறுத்த இடம் தேட அவகாசம் கிடைக்கும். அதற்குப் பிறகும் முள் சிவப்புக்குப் போனால் இடம் தேடாமல் நிறுத்திவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்தால், அழுத்தத்தில் கொதிக்காமல் இருந்த கூலன்ட் சட்டென்று கொதித்து, ஆவியோடு முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸ் தொட்டால் சுடாத அளவுக்கு ஆறட்டும்.

பேட்டரி விளக்கு ஓடும்போது எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை. மல்டிமீட்டர் இருந்தால் பேட்டரியில் வைத்துப் பாருங்கள். ஓய்வில் சுமார் 12.6 வோல்ட், இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஓடும்போதும் 12-ஐ ஒட்டியே நின்றால் ஆல்டர்னேட்டர் அல்லது பெல்ட். பெல்ட்டே அறுந்திருந்தால் சில இன்ஜின்களில் வாட்டர் பம்ப்பும் அதோடு நின்றிருக்கும், சில நிமிடத்தில் இன்ஜின் கொதிக்கும். ஆகவே பானட்டைத் திறந்து பெல்ட் இருக்கிறதா என்று பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் சில நாளில் காட்டலாம். சிமிட்டினால் இன்ஜின் மிஸ்ஸிங் அடிக்கிறது, அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை; எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கும். ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தி ஓரம் கட்டுங்கள். ஓபிடி ஸ்கேனரில் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) வரும் கோடு, அதாவது கோளாறு எண், எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை, எந்த அளவீடு தப்பியது என்றுதான் சொல்கிறது. பி0171 வந்தால் காற்று அதிகம், எரிபொருள் குறைவு என்று அர்த்தம். விரிசல் விட்ட வேக்யூம் ஹோஸ், அழுக்கான காற்று சென்சார், பலவீனமான ஃப்யூயல் பம்ப் எல்லாமே அதே கோடைத்தான் கொடுக்கும். ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறவர்கள் அதிகம், பல நேரம் அது உண்மையைச் சொன்ன சென்சார். பி0301 வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங். இக்னிஷன் காயில் தனித்தனியாக இருக்கும் இன்ஜினில், ஆறிய பிறகு முதலாவது காயிலையும் இரண்டாவது காயிலையும் இடம் மாற்றி ஓட்டுங்கள். கோடு பி0302 ஆக மாறினால் காயில் போய்விட்டது. மாறவில்லையென்றால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று அடுத்தது பார்க்கலாம். ஒர்க் ஷாப்புக்குப் போகும் முன் கோடை அழித்துவிடாதீர்கள். கோளாறு நடந்த நொடியின் வேகம், சூடு, ஆர்பிஎம் ஆகியவையும் அதோடு சேர்ந்து அழிந்துவிடும்.

ஏசி போட்டு ஓட்டிய பிறகு கீழே சொட்டும் தெளிந்த தண்ணீர், இன்ஜினை நிறுத்தியதும் சைலன்சர் பக்கம் வரும் "டிங் டிங்", ஏசி நின்றதும் வரும் "உஸ்", சாவி போட்டதும் பின் சீட்டுக்கடியில் இரண்டு விநாடி பெட்ரோல் பம்ப் முனகுவது, இவையெல்லாம் இயல்பு. இனிப்பு வாசனை மட்டும் இயல்பில்லை, அது கூலன்ட். காருக்குள்ளேயே அடித்து, முன் கண்ணாடியில் பிசுபிசுப்பான ஆவி படிந்தால் ஹீட்டர் கோரில் (கூலன்ட் சூட்டை காருக்குள் தரும் சின்ன ரேடியேட்டர்) ஓட்டை.

எல்லாம் பார்த்தபின் மெக்கானிக்கிடம் பாகத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். "பேரிங் மாத்துங்க" என்றால் மாற்றிக் கொடுப்பார், சத்தம் போகவில்லையென்றால் அவர் பொறுப்பில்லை. "60-க்கு மேல் ரீங்காரம், இடதுபக்கம் திருப்பினால் கூடுது, பிரேக்குக்கு மாறல, கியருக்கு மாறல" என்று சொல்லி, முடிந்தால் பக்கத்தில் உட்கார வைத்து நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். காலையில் மட்டும் வரும் சத்தம் என்றால் முதல் நாள் ராத்திரியே வண்டியை அங்கே விட்டுவிடுங்கள், ஓட்டிக்கொண்டு போனால் இன்ஜின் சூடாகி அது மறைந்திருக்கும். சக்கரத்தைக் கழற்றிச் செய்த எந்த வேலைக்குப் பிறகும் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையைக் காட்டும் ஸ்பானர்) வைத்து, வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு மறுபடி சரிபாருங்கள். வேலை முடிந்து வந்த மறுநாளே வேகத்தோடு கூடும் புது "கடக் கடக்" கேட்டால், வேறெதையும் பார்க்கும் முன் வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டியது அந்த நட்டுகளைத்தான்.